வீடு பேணுங் கட்டுரைகளை வகுக்கும் முறை

சங்கரன்கோவிலிற் புற்றுமண் பெற்று இல்லந் திரும்பும் ஒருவர், தம் வாயில் நிலையை அப்புற்றுக்குரிய சிற்றுயிரே அரித்திருக்கக் காண்கின்றாரென வைத்துக்கொள்வோம். அவர் இணையத்திலே தேடுஞ் சொல் 'செல்' அல்லது 'கறையான்' என்பதாம். (செல்லென்றால் இந்நாளிற் கைப்பேசியன்றோ முன்வந்து நிற்கும்!) 'மரப் பாதுகாப்பு' என்னுந் தலைப்பை அவர் யாங்ஙனம் அறிவார்?

2003-ஆம் ஆண்டிற் றோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவைப் போன்று, பலர் கூடியெழுதும் களஞ்சியமொன்றை வீடு பேணுதற்கென அமைக்க விழைவோர் முதற்கண் எண்ணற்பாலது இதுவே. எழுதுவோர் கொத்து, தச்சு, மின்வேலை எனத் தொழில்வாரியாகப் பகுப்பர். வீட்டாரோ ஒழுக்கு, வெடிப்பு, ஓதம், கறையான் எனக் குறையின் பெயரையே அறிவர். ஆதலிற் குறைவாரியான பகுப்பே முன்னிற்றல் வேண்டும். தொழில்வாரியானது பின்னர் வருக. ஒரு கட்டுரை இரண்டு பகுப்பினும் இடம்பெறுதற்குத் தடையாதுமில்லை. அச்சிட்ட நூலுக்கில்லாத வசதி இஃது. செல், கறையான் எனப் பெயர் வேறுபடுமிடத்து, அவ்விக்கிப்பீடியாவில் உள்ளவாறே வழிமாற்றுக்களைத் தாராளமாய் இடலாம்.

தேடுபெட்டியிருக்கப் பகுப்பெதற்கு என்பாருமுளர். குறையின் பெயரே அறியாதார் அப்பெட்டியில் யாதெழுதுவர்? சீர்காழியிற் பிறந்த அரங்கநாதனார் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள், படிப்போர் காலத்தைக் காத்தலும் ஒன்றாம். ஐப்பசி மழையிற் கூரையொழுக, ஒரு கையிற் குடமும் மறுகையிற் கைப்பேசியுமாய் நிற்பார்க்கு அவ்விதியின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.