சிலிண்டரைச் சரிக்கலாமா?

அடுப்பின் சுடர் குன்றத் தொடங்கியதும், காஸ் சிலிண்டரைச் சரித்துக் கிடத்தி, எஞ்சியதையும் எரித்துத் தீர்க்கும் வழக்கம் நம் இல்லங்கள் சிலவற்றில் உண்டு. சிக்கனம் போற்றத்தக்கதே, ஆயினும் இந்தச் சிக்கனம் உயிருக்கே உலை வைக்கக்கூடியது. காரணத்தை அறிய வேண்டுமாயின், பொருளின் மூன்று நிலைகளைப் பற்றி நாம் சிறிது சிந்தித்தல் வேண்டும்.

எப்பொருளும் கண்ணுக்குப் புலனாகாத துணிக்கைகளால் ஆனது. அவை ஓய்ந்திருப்பதில்லை. திண்மத்தில் அவை நின்ற இடத்திலேயே அதிர்கின்றன. திரவத்தில் நெருங்கியிருந்தவாறே இடம்பெயர்ந்து திரிகின்றன. வாயுவிலோ ஒன்றைவிட்டு ஒன்று வெகுவாக விலகிப் பாய்ந்தோடுகின்றன. வெப்பம் ஏற ஏற அவற்றின் வேகமும் ஏறும்.

சமையல் வாயு என்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டின் கலவை. சாதாரண அமுக்கத்தில் புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகை செல்சியஸிலும், பியூட்டேன் ஏறக்குறையப் பூச்சியப் பாகையிலும் கொதித்து வாயுவாகிவிடும். அவற்றை அமுக்கி, துணிக்கைகளை நெருங்கச் செய்து, திரவமாக்கியே சிலிண்டரில் அடைக்கின்றனர். வெப்பத்தால் திரவம் விரியுமாதலின், சிலிண்டரை முழுவதும் நிரப்புவதில்லை.

சிலிண்டர் நிமிர்ந்து நிற்கையில் கீழே திரவமும் மேலே வாயுவும் இருக்கும். வால்வைத் திறந்தால் வாயு மாத்திரமே வெளியேறும். அதனை ஈடுசெய்யத் திரவத்திலிருந்து வேகம் மிகுந்த துணிக்கைகள் மேலெழும். வேகம் குன்றியவை எஞ்சுவதால் திரவம் குளிரும். நெடுநேரம் சமைத்தபின் சிலிண்டரின் அடிப்பகுதி சில்லிட்டு வியர்த்திருப்பது இதனாலேயே. திரவம் குளிரக் குளிர அமுக்கம் தணிந்து சுடரும் தளரும். அன்றியும், புரொப்பேன் முந்தி வெளியேறுவதால், இறுதியில் எஞ்சுவது பெரும்பாலும் அமுக்கம் குறைந்த பியூட்டேனே.

இந்நிலையில் சிலிண்டரைச் சரித்தால், வாயு செல்லவேண்டிய வழியில் திரவம் புகுந்துவிடும். வெளியே வந்ததும் அது ஏறக்குறைய 250 மடங்கு விரிந்து வாயுவாகும். வாயுவுக்கென அமைந்த ரெகுலேட்டரும் குழாயும் இதற்கு ஏற்றவையல்ல. சுடர் சீறி எழும். கசிந்தாலோ, காற்றிலும் கனமான இவ்வாயு தரையோடு படர்ந்து பள்ளங்களிலே தங்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு அளவில் கலந்தாலே தீப்பற்றப் போதுமானது.

2021ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டில் நிகழ்ந்த காஸ் விபத்துக்களின்போது, கலவையின் விகிதம் எங்கும் பேசப்பட்டது. ஒரே வெப்பநிலையில் புரொப்பேனின் அமுக்கம் பியூட்டேனினுடையதைவிட மூன்று மடங்குக்கும் அதிகம் என்பதை அறிந்தோர்க்கு அப்பேச்சின் பொருள் விளங்கும்.

ஆகவே, சிலிண்டரை எப்பொழுதும் நிமிர்த்தியே வைத்தல் வேண்டும். வெந்நீர் ஊற்றியோ தணல் அருகே வைத்தோ அதனைச் சூடாக்குதல் ஆகாது. சுடர் தளர்ந்தால் அடுப்பை அணைத்துச் சிறிது நேரம் பொறுத்திருங்கள். சுற்றுப்புறத்தின் வெப்பத்தைப் பெற்றுத் திரவம் தானாகவே ஓரளவு தேறும். காஸ் நாற்றம் வீசினால் மின் ஆளியைத் தொடாதீர்கள். நெருப்பு யாதும் மூட்டாதீர்கள். வால்வை மூடி, கதவு யன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தைகளுடன் வெளியேறுங்கள்.

அடியில் எஞ்சும் சிறிதளவு திரவத்தால் மிஞ்சுவது ஒருவேளைச் சமையலே. அதற்காகக் குடும்பத்தையே பணயம் வைத்தல் தகுமா என்பதை இல்லத்தரசிகளும் இல்லத்தலைவர்களும் எண்ணிப் பார்ப்பார்களாக.