நதிமூலம் காண்போம்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது பழமொழி. ரிஷிமூலம் எப்படியாயினும் ஆகுக. நதிமூலத்தை ஆராயாதிருந்தால் நாம் அருந்தும் தண்ணீருக்கே கேடு வந்துவிடும்.

நுவரெலியா நகருக்கு அணித்தே, 2,524 மீற்றர் உயர்ந்து நிற்கிறது பீதுருதாலகாலை மலை. இலங்கையில் அதனினும் உயர்ந்த மலை வேறில்லை. அதன் மேற்சரிவுகளில் முகில் தவழும் காடு உண்டு. மழை பெய்யாத நாளிலும் மூடுபனி இலைகளிலும் பாசியிலும் படிந்து துளித்துளியாய்ச் சொட்டுகிறது. கீழேயுள்ள சருகு மெத்தை அதனை உறிஞ்சி, சிறுகச் சிறுக ஊற்றுகளுக்கு ஈகிறது. மழையற்ற மாதங்களிலும் தோட்டத்துப் பீலிகளில் நீர் விழுவதன் இரகசியம் இதுவே.

இதனை அன்றே உணர்ந்தோர் இருந்தனர். கோப்பித் தோட்டங்களுக்காகக் காடுகள் வெட்டுண்ட காலத்தில், 1873ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது காக்கும்படி அரசினருக்கு எடுத்துரைத்தார். ஏறக்குறைய அதே காலத்தில், தேசாதிபதி வில்லியம் கிரகெரி அம்மலையிலிருந்து இறங்கும் ஓடையை மறித்து நுவரெலியாவில் வாவி அமைத்தார். காட்டுக்குள் பளிங்குபோல் ஓடிவரும் நீர், மரக்கறித் தோட்டங்களையும் நகரத்தையும் கடந்து வாவியை அடையும்போது மண்ணையும் உரத்தையும் சுமந்து வருகிறது. நீரின் பிறப்பில் குற்றமில்லை. அது வந்த வழியிலேதான் குற்றம்.

ஹற்றன் பக்கம் பாருங்கள். கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும், காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களை நிரப்பிப் பின் ஒன்றுகூடிக் களனி கங்கையாகின்றன. அக்கங்கையின் நீரே அம்பத்தலேயில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பு மக்களின் குழாய்களில் வருகிறது. தேயிலை மலையில் வீசிய மருந்துப் போத்தலுக்கும் தலைநகரில் ஒரு குழந்தை ஏந்தும் குவளைக்கும் உறவு உண்டு என்பதை மறக்கலாமோ?

ஆயின் பழியை மலைமீது வாழ்வோர் தலையில் சுமத்திவிடுதல் நியாயமாகாது. பழைய லயங்களில் பல குடும்பங்களுக்கு ஒரே பீலி. நல்ல மலசலகூடமும் இல்லாத இடங்கள் உண்டு. ஊற்றுக்கு மேற்புறம் கழிவுக்குழி அமைந்தால், அந்நீரை முதலில் அருந்தி நோயுறுவோர் தோட்டத்துப் பிள்ளைகளே அல்லரோ?

அமெரிக்காவின் நியூயோர்க் மாநகரம் இதற்கு வழிகாட்டியது. பெருஞ்செலவில் வடிகட்டும் ஆலை கட்டுவதினும் நீர்ப்பிடிப்பு மலைகளைக் காப்பதே மேல் என 1997இல் அது உடன்படிக்கை செய்தது. அங்குள்ள குடியானவர்களுக்குப் பொருளுதவி அளித்தது. வீடுகளின் கழிவுக்குழிகளைச் செப்பனிடவும் பணம் தந்தது. தண்ணீரைக் காக்க விரும்பிய நகரம், தண்ணீரின் தலைமாட்டில் வாழ்ந்தோரையும் கவனித்தது.

நம் நாட்டிலும் அவ்வாறே ஆதல் வேண்டும். லயத்துக்கு நல்ல குழாயும் மலசலகூடமும் அமைப்பது தோட்டத்தாருக்கு இடும் தருமம் அன்று. கீழ்நாட்டார் தமக்கே செய்துகொள்ளும் காப்பு. ஓடைக்கரையில் சிறிது நிலத்தை உழாது விட்டு, அவ்விடத்துக்குரிய மரங்களை வளர்த்தல் பயிரிடுவோர் கடன்.

மாணவச் செல்வங்களே! அடுத்த விடுமுறை நாளில், பெரியவர் ஒருவரைத் துணைகொண்டு உங்கள் பீலியின் ஊற்றுக்கண் எங்குள்ளது எனத் தேடிப் பாருங்கள். அதன் மேற்புறத்தில் என்ன இருக்கிறது என்பதைக் குறித்து வந்து வீட்டாரிடம் கூறுங்கள். நீரைக் காக்கும் பணி அங்கே தொடங்கட்டும்.