அடுப்புக்கும் பரீட்சை வேண்டும்

மனிதன் செய்த கருவிகளுள் அடுப்பைப்போல் அவனோடு நெருங்கிப் பழகியது வேறொன்றில்லை. நூல் இல்லாத வீடு உண்டு. கடிகாரம் இல்லாத வீடு உண்டு. அடுப்பெரியாத வீட்டை வீடென்று சொல்வாரில்லை. ஆயினும், இத்துணை அண்மையில் இருக்கும் இப்பொருளைப்பற்றி நாம் கொண்டிருக்கும் அபிப்பிராயங்களுள் பெரும்பாலானவை கேள்வியால் வந்தவையேயன்றி ஆராய்ச்சியால் வந்தவையல்ல. விற்பவன் சொல்லைக் கேட்டுப் புகழ்கின்றோம். ஒருநாள் மேகம் மூடியதைக் கண்டு இகழ்கின்றோம். வீட்டுக்கு வெளியே பயன்படும் இருவகை அடுப்புக்கள், அதாவது சூரிய வெப்பத்தால் சமைக்கும் கதிரடுப்பும், பயணத்தில் தூக்கிச் செல்லும் சிற்றடுப்பும், இவ்விரு பிழைகளுக்கும் மிகுதியாக ஆளாகின்றன. மாணாக்கருக்கு ஆண்டுதோறும் பரீட்சை வைக்கும் நாம் அடுப்புக்கும் பரீட்சை வைத்தல் வேண்டும். அப்பரீட்சை திறந்த வெளியில், யாவரும் ஒப்பிய விதிகளின்படி, சமைப்பவரையும் பரீட்சகராகக் கொண்டு நடைபெறல் வேண்டும். அதற்குமுன் எவ்வடுப்பையும் பிறர் வீட்டுக்குத் தானமாக அனுப்புதல் தகாது. இதுவே நாம் வற்புறுத்த விரும்புவது.

இஃது அற்ப விஷயமன்று. உலகில் ஏறக்குறைய 210 கோடி மக்கள் இன்றும் விறகு, வறட்டி, கரி, மண்ணெண்ணெய் முதலியவற்றின் புகைநடுவே சமைத்துண்கின்றனர். வீட்டுப் புகையால் விளையும் நோய்களால் 2020ஆம் ஆண்டில் மட்டும் 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் எரிவாயு இணைப்புப் பெற்ற ஏழைக் குடும்பங்கள் மிகப் பல. ஆயினும், உருளையை மீண்டும் நிரப்பக் கையில் பொருளில்லாத காலத்தில் பழைய விறகடுப்புக்கே திரும்பும் இல்லங்களும் உள. இத்தகைய குடும்பங்களுக்கு உதவ எண்ணும் தரும சங்கங்களும் கல்லூரிச் சமூக சேவைக் குழுக்களும் புதுவகை அடுப்புக்களை வாங்கி வழங்குவதுண்டு. எண்ணம் நன்றே. ஆனால், ஏழை வீட்டில் புதுப்பொருளொன்று ஒருமுறை பொய்த்துப்போனால், இரண்டாம் முறை அதனை ஏற்பார் இல்லை. பொய்த்தது அந்த ஒரு பெட்டி மட்டுமன்று; அதன்பின் வரக்கூடிய நல்ல பெட்டியின்மேல் வைக்கவேண்டிய நம்பிக்கையும் கூடவே பொய்த்துவிடுகின்றது.

இதற்கு நம் நாட்டின் சரித்திரமே சான்று. 1950களின் முற்பகுதியில் புதுடெல்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வகத்தார் குழிந்த ஆடிபோன்ற உலோகத் தட்டமைந்த கதிரடுப்பு ஒன்றை ஆக்கினர். வெயிலை ஒருமுகமாகக் குவிக்கும் அக்கருவி நீரைக் கொதிக்கச் செய்யும் ஆற்றல் உடையதே. ஆயினும் அது வீடுகளிற் பரவவில்லை. விலை கொடுத்து அதனை வாங்குவதினும் விலையின்றிக் கிடைக்கும் சுள்ளியும் சாணமும் மேலெனத் தோன்றின. சூரியன் நகர நகரத் தட்டைத் திருப்பவேண்டியிருந்தது. சமைப்பவள் நண்பகல் வெயிலில் நிற்கவேண்டியிருந்தது. ஆய்வகத்தின் பரீட்சையில் தேறிய அடுப்பு அடுக்களையின் பரீட்சையில் தவறியது. முன்னதை மட்டும் நடத்திப் பின்னதை மறந்ததே காரணம் என்பது நம் கருத்து.

நேர்மையான சோதனை எத்தகையது என்பதற்கு முன்னோர் வழிகாட்டியுள்ளனர். ஜெனீவா நகரத்து அறிஞர் ஸொஸ்யூர் என்பார் 1767ஆம் ஆண்டில் கண்ணாடி மூடிய பெட்டிகளை வெயிலில் வைத்து ஆராயத் தொடங்கினார். பக்கங்களில் வெப்பம் கசியாதபடி அடைத்துச் செய்த பெட்டியொன்றின் உள்ளே உஷ்ணம் 100 பாகை சென்டிகிரேடுக்கும் மேற்சென்றது. அவர் அம்மட்டில் மகிழ்ந்து நின்றாரல்லர். அதே வகைப் பெட்டியை உயர்ந்த மலைமுடிக்குச் சுமந்து சென்று வைத்துப் பார்த்தார். பின்பு தாழ்ந்த சமவெளியிலும் வைத்துப் பார்த்தார். மலைமேற் காற்று மிகக் குளிர்ந்திருந்தும் பெட்டியின் உள்வெப்பம் இரண்டிடத்தும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பெட்டியைச் சூடாக்குவது சுற்றிலுமுள்ள காற்றன்று, அதன்மேல் விழும் வெயிலே என்பது இவ்வாறு விளங்கிற்று. ஒரே கருவி, வேறுபட்ட இடம், குறித்து வைத்த அளவு: சோதனையின் இலக்கணம் இதில் முழுதும் அடங்கியுள்ளது.

நம் நாட்டிலும் 1878ஆம் ஆண்டில் பம்பாயில் வாழ்ந்த வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேயர், வெப்ப நாடுகளில் விறகுக்குப் பதில் சூரிய வெப்பத்தைப் பயன்படுத்துவது குறித்து நூலொன்று வெளியிட்டார். கண்ணாடிகள் பதித்த தமது அடுப்பில் எழுவர் சிப்பாய்களுக்குரிய உணவு, பம்பாயில் மிகக் குளிர்ந்த மாதமாகிய ஜனவரியில், இரண்டு மணிநேரத்தில் வெந்தது என்று அவர் குறித்தார். "விரைவில் வேகும்" என்று கூறாமல், எத்தனை பேருக்கு, எம்மாதத்தில், எவ்வளவு நேரத்தில் என்று கூறியது கவனிக்கத்தக்கது. விளம்பரத்துக்கும் சாட்சியத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இனி, வெளியிற் செய்யும் சோதனையில் உள்ள இடர்ப்பாடு யாது? பரிசோதனைச் சாலையில் நாம் விரும்பிய நிலைமையை அமைத்துக்கொள்ளலாம். வெளியிலோ வெயில் நம் ஏவலுக்கு உட்பட்டதன்று. காற்று நம்மைக் கேட்டு வீசுவதன்று. திங்களன்று சோதித்த அடுப்பையும் வியாழனன்று சோதித்த அடுப்பையும் எங்ஙனம் ஒப்பிடுவது? இவ்வினாவுக்கு விடை காண முயன்ற இடங்களுள் ஒன்று நம் தமிழ்நாடு என்பதில் நாம் மகிழலாம். 1997ஆம் ஆண்டு ஜனவரியில் கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்தில் கதிரடுப்புப்பற்றிய உலக மகாநாடு கூடியபோது, எல்லா நாட்டினரும் ஒப்பத்தக்க சோதனை விதிகளை வகுக்க ஒரு குழு முற்பட்டது. அதன் பயனாகப் பின்னர் அமெரிக்க வேளாண் பொறியியற் சங்கத்தின் விதியாக வெளிவந்த முறை எளியது. வெயிலை ஏற்கும் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 7 கிலோகிராம் வீதம் தண்ணீர் நிறுத்து வைக்கவேண்டும். நண்பகலை ஒட்டிய நான்கு மணி நேரத்துள் சோதிக்கவேண்டும். 10 நிமிஷத்துக்கு ஒருமுறை தண்ணீரின் உஷ்ணத்தையும் வெயிலின் வலிமையையும் குறிக்கவேண்டும். பலத்த காற்று வீசினால் அந்தக் கணக்கைத் தள்ளிவிடவேண்டும். ஒருநாட் சோதனையோடு அமையலாகாது. கிடைத்த ஆற்றலைச் சதுர மீட்டருக்கு 700 வாட் என்னும் பொது வெயிலுக்கு மாற்றிக் கூறவேண்டும்.

இம்மாற்றம் ஏன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். அரை மீட்டர்ச் சதுரமான இரண்டு பெட்டியடுப்புக்களில் 1,750 கிராம் தண்ணீர் வைத்ததாகக் கொள்வோம். 850 வாட் வெயில் அடித்த நாளில் முதலடுப்பின் தண்ணீர் 10 நிமிஷத்தில் 4 பாகை ஏறியது. 560 வாட் வெயில் அடித்த மற்றொரு நாளில் இரண்டாமடுப்பின் தண்ணீர் அதே நேரத்தில் 3 பாகையே ஏறியது. பார்ப்பவர் முதலடுப்புக்கே பரிசளிப்பர். கணக்கிட்டாலோ, முதலடுப்பு தந்தது சுமார் 49 வாட். பொது வெயிலுக்கு மாற்றினால் 40. இரண்டாமடுப்பு தந்தது சுமார் 37 வாட், மாற்றினால் 46. தோற்றதாக எண்ணியதே வென்றது! வெயிலைக் குறியாமல் அடுப்பைக் குறித்துப் பேசுவது, வினாத்தாளைப் பாராமல் மதிப்பெண்ணைமட்டும் பார்ப்பதை ஒக்கும். வெயிலளக்கும் கருவி இல்லாதார் இரண்டடுப்புக்களையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாராயின், பெரும்பகுதி பிழை நீங்கும்.

தூக்கிச் செல்லும் அடுப்புக்களின் விஷயமும் இத்தகையதே. ஸ்வீடன் நாட்டு லிண்ட்க்விஸ்ட் என்பார் 1892ஆம் ஆண்டில் ஆக்கிய பிரைமஸ் அடுப்பு, மண்ணெண்ணெயை ஆவியாக்கி எரிப்பதால் புகையின்றி எரிந்து, மலையேறுவோருக்கும் துருவம் நாடுவோருக்கும் உற்ற துணையாயிற்று. இக்காலத்துச் சாரணரும் மலைநடைப் பிரியரும் சிறு வாயுப் புட்டிகளை நாடுகின்றனர். இவற்றின் பெட்டிமேல் இத்தனை நிமிஷத்தில் ஒரு லிட்டர் கொதிக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். காற்றசையாத அறையில் அது மெய்யாகலாம்; மலைச்சரிவில் வீசும் காற்றிலோ சுடர் ஒரு புறம் சாய, வெப்பத்தின் பெரும்பகுதி ஆகாயத்துக்கே போய்விடும். பூட்டேன் வாயு சுமார் அரைப்பாகை உறைபனிக்குக் கீழேயே திரவமாகிவிடுமாதலின், இமயத்துக் குளிரில் புட்டி நிறைந்திருந்தும் சுடர் நலியும். உதகமண்டலத்தில் தண்ணீர் 92 அல்லது 93 பாகையிலேயே கொதித்துவிடும். ஆதலின் அங்கே கொதி விரைவில் வரும். அரிசியோ தாமதித்து வேகும். கொதித்த நேரத்தையே குறித்தவன் அவ்வடுப்பை வியப்பான். பசியோடு காத்திருந்தவன் உண்மையை அறிவான்.

ஒன்றை மட்டும் சோதித்துப் பார்க்கவே கூடாது. காற்றுக்கு அஞ்சி மூடிய கூடாரத்துக்குள் அடுப்பை ஏற்றுதல் உயிருக்கு இறுதி. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடு வாயு உறங்குவாரை உறங்கியபடியே கொல்லும். வாயுப் புட்டியைச் சூழத் தகட்டுமறைப்பை நெருக்கி வைப்பதும் புட்டி சூடேறி வெடிக்க இடந்தரும். குழியாடி அடுப்பின் ஒளிக்குவியலை வெறுங்கண்ணால் நோக்குதலும் கேடு. அடுப்புச் சோதனையின் முதற்பாடம் இவையே ஆதல் வேண்டும்.

தண்ணீர் கொதிப்பதே சமையலன்று என்றோம். 1980களில் விறகடுப்புக்களுக்குச் சோதனை விதி வகுத்தவர்கள் இதனை நன்குணர்ந்து மூன்று படிகள் அமைத்தனர்: முதலாவது தண்ணீரைக் கொதிக்க வைத்தல், இரண்டாவது குறித்த உணவொன்றைச் சமைத்தல், மூன்றாவது ஒரு குடும்பத்தின் அடுக்களையிற் பலநாள் வைத்து எரிபொருட் செலவைக் காணுதல். முதற்படியை மாணாக்கர் செய்யலாம். மற்றைய இரண்டுக்கும் சமையலறிந்தார் வேண்டும். பெட்டிக் கதிரடுப்பில் சோறு குழையாமல் வேகும், பருப்பு வேகும், கிழங்கு வேகும், அடிபிடிப்பதில்லை. ஆனால் தோசை வார்க்க இயலாது. கடுகு தாளிக்க இயலாது. சூரியன் ஏறுமுன் வேலைக்குப் புறப்படும் வீட்டாருக்குக் காலையுணவு அதில் ஆகாது. இவற்றை உஷ்ணமானி சொல்லாது. ஒரு தாய் சொல்வாள். அவள் சொல்லை மதிப்புரையாக அன்று, அளவாகவே நாம் பதிவுசெய்தல் வேண்டும்.

"எரிவாயு உள்ள காலத்தில் இவ்வாராய்ச்சி எதற்கு?" என்பார் உளர். எரிவாயு உள்ளவர்க்கும் உருளையின் விலை உண்டு; பகலில் பருப்பையும் அரிசியையும் வெயிலிடம் விட்டால் அவ்வளவும் மிச்சம். "ஐப்பசி கார்த்திகையில் வெயிலேது?" என்பார் வேறு சிலர். அவர் வினா நன்று. அதற்கு விடை வாதத்தால் வாராது, மாதந்தோறும் சோதித்த ஏட்டால் வரும். கதிரடுப்பு மற்ற அடுப்புக்களை விலக்க வந்த பகையன்று, அவற்றோடு வேலையைப் பகிர வந்த தோழன். எத்தனை நாள் பகிரும் என்று முன்கூட்டியே உண்மையாய்ச் சொல்லிவிட்டால், பின்னர் ஏமாற்றம் இராது. தகுந்த இடத்தில் அது பெரிதும் உதவும் என்பதற்கு, ஆயிரம் பேருக்குச் சமைக்க உதவும் பொருட்டு ஆரோவில்லில் அமைத்த 15 மீட்டர் அகலமுள்ள கதிர்க் கிண்ணமே சான்று.

ஆதலின் நம் கல்லூரி ஒன்று செய்யலாம். பௌதிக மாணாக்கர் உஷ்ணமானியும் தராசும் கொண்டுவரட்டும். கணித மாணாக்கர் கணக்கிடட்டும். விடுதிச் சமையற்காரரும் அயற்கிராமத்து மகளிரும் தகுந்த ஊதியம் பெற்றுப் பரீட்சகராக அமரட்டும். மைதானத்தின் ஒரு மூலையில் மாதம் மூன்று நாட்கள் போதும். நாள், மணி, வெயில், காற்று, தண்ணீரின் நிறை, தொடக்க உஷ்ணம், வெந்த உணவு, வேகாத உணவு அனைத்தையும் ஓர் ஏட்டில் எழுதி, அவ்வேட்டை யாவரும் பார்க்கும்படி நூல்நிலையத்தில் வைக்கட்டும். தோல்விகளை மறையாது எழுதுதல் இன்றியமையாதது. மேகம் மூடிய நாளின் பக்கத்தைக் கிழித்த ஏடு ஏடாகாது. ஆண்டு முழுதும் அவ்வாறு சோதித்துத் தேறிய அடுப்பையே நம் சேவைக் குழுவினர் கிராமத்துக்கு எடுத்துச் செல்லட்டும். செல்லும்போது அவ்வேட்டின் படியையும் எடுத்துச் செல்லட்டும்.

அன்பு மட்டும் இருந்தால் போதும், அளவு வேண்டா என்று எண்ணுதல் பிழை. பிறர் அடுக்களைக்குள் நாம் அனுப்பும் பொருளை முன்னரே நம் வெயிலில் வைத்து, நம் கையால் அளந்து, குறையையும் நிறையையும் கூறிக் கொடுப்பதும் அன்பின் ஒரு பகுதியே. இவ்வேலைக்கு வேண்டிய வெயிலைக் கடவுள் நம் மைதானத்தில் குறைவறத் தந்துள்ளார். உஷ்ணமானியும் ஏடும் பொறுமையும் நாம் தரவேண்டியவை.