கேட்காத காதுகளும் கருத்துச் சொல்லும் வாய்களும்



ஓர் இசைத்தட்டைப் பற்றி மூன்று வகைக் கருத்துகள் உலவி வருகின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் அவை ஒன்றையொன்று மறுப்பவை. என் பார்வையிலோ மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இசையைக் காதால் கேளாமல், அதன் பெயரையும் பிறந்த ஆண்டையும் பார்த்து எழுதப்பட்ட தீர்ப்புகள் அவை. இத்தகைய தீர்ப்புகளைத்தான் நாமும் வகுப்பறையில் 'கருத்து' என்ற பெயரில் வளர்த்து வருகிறோம் என்பது என் குற்றச்சாட்டு. சினம் கொள்ளாமல் இறுதிவரை படிக்க வேண்டுகிறேன்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சரண்ஜித் சிங் பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்து வந்த கலைஞர். 1982-ஆம் ஆண்டு அவர் பத்து இந்துஸ்தானி ராகங்களை மின்னிசைக் கருவிகளில் வாசித்துப் பதிவு செய்தார். தபேலா இல்லை, டிஸ்கோ தாளம் மட்டுமே. 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்பது தட்டின் பெயர். கிராமபோன் கம்பெனி ஆப் இந்தியா வெளியிட்டது. ஜுபிடர்-8 விசைப்பலகை, டிஆர்-808 தாளப்பொறி, டிபி-303 அடியிழைப்பொறி ஆகிய மூன்றும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்துப் படைப்புகள். அவற்றை அவர் வாங்கியது நம் அண்டை நாடான சிங்கப்பூரில்.

தட்டு விலை போகவில்லை. மறந்தும் போனார்கள். எடோ பவ்மன் என்ற நெதர்லாந்துச் சேகரிப்பாளர் 2002-இல் தில்லியில் அதைக் கண்டெடுத்தார். 2010-இல் மறுபதிப்பாக வெளியிட்டார். அதன் பிறகுதான் கருத்துகள் மழையாகப் பொழிந்தன.

முதல் கருத்து: "இது பொய்."

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1987-இல் 'பியூச்சர்' என்ற குழு வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்' என்னும் பதிவிலிருந்தே 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசை வகை பெயர் பெற்றது. அதே வகை ஒலி ஐந்தாண்டுக்கு முன்பே ஓர் இந்தியத் தட்டில் எப்படி வந்தது? இதை ஏஃபெக்ஸ் ட்வின் போன்ற இக்கால மின்னிசைக் கலைஞர் யாரோ செய்த குறும்பு என்று சிலர் ஐயுற்றார்கள்.

ஐயம் கொள்வது நல்ல பழக்கந்தான். ஆனால் இந்த ஐயத்தின் வேர் எது? திரையிசைக் கூடத்தில் வாசித்தவர்கள் புதுக்கருவி கிடைத்தால் முதலில் தொட்டுப் பார்ப்பவர்கள். அவர்கள் பிழைப்பே அதில்தான் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் இந்தித் திரைப்படங்களில் டிஸ்கோ கொடிகட்டிப் பறந்தது. கருவியும் இருந்தது, தாளமும் இருந்தது, ராகம் கையிலேயே இருந்தது. பிறகு என்ன வியப்பு? பம்பாய்க் கலைஞர் ஒருவர் தாமாகவே இதைச் செய்திருக்க முடியாது என்ற முன்முடிவுதான் அங்கே ஐயமாக வேடமிட்டு நின்றது.

இரண்டாம் கருத்து: "ஆசிட் ஹவுஸின் தந்தை நம்மவர்!"

இதுதான் நம்மவரிடையே அதிகம் பரவுவது. எனக்கு அதிகச் சினமூட்டுவதும் இதுவே. ஒருவர் தந்தை எனப்பட வேண்டுமென்றால் பிள்ளை வேண்டுமல்லவா? விற்காமல் முடங்கிய ஒரு தட்டைச் சிகாகோ இளைஞர்கள் கேட்டார்கள் என்பதற்குச் சான்று கிடையாது. யாரும் கேளாத ஒன்று யாருக்கும் வழிகாட்டியிருக்க இயலாது.

அப்படியானால் இரண்டும் ஒத்திருப்பது ஏன்? விடை அந்த டிபி-303 பொறியில் இருக்கிறது. தனியாகப் பயிலும் கித்தார் கலைஞருக்குத் துணையாக அடியிழை வாசிக்கவே அதைச் செய்தார்கள். அந்த வேலைக்கு அது சரிப்படவில்லை. 1984-இல் உற்பத்தி நின்றது. பழைய பொருளாக மலிவு விலைக்கு வந்தது. சிகாகோ இளைஞர்கள் கைக்கு அது எட்டியது அப்படித்தான். அந்தப் பொறியில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிச் செல்லும் அமைப்பு உண்டு. ராகம் வாசிப்பவருக்கு அந்த வழுக்கல் உடனே பிடித்துப்போகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பொறி ஒன்று; கைகள் இரண்டு. ஒற்றுமை அவ்வளவே.

காது கொடுத்துக் கேட்டால் வேற்றுமைதான் பெரிது. சிகாகோப் பதிவு பத்து நிமிடத்துக்கும் மேல் நீள்கிறது. அதில் பாடத்தக்க மெட்டே கிடையாது. ஒரே சிறு கோவை திரும்பத் திரும்ப ஓட, குமிழைத் திருகி அதன் ஒலியைக் கூர்மையாக்கியும் குழைத்தும் காட்டுவதே அங்கே கலை. சரண்ஜித் சிங்கின் தட்டில் அடியிழை ஆதார சுருதியைச் சுற்றியே நிற்கிறது. அதன்மேல் ராகம் விசைப்பலகையில் ஏறி இறங்குகிறது. அது குமிழின் கலை. இது சுரத்தின் கலை.

இவ்வளவும் இருக்க, "ஐந்து ஆண்டு முந்தினோம்" என்பது மட்டுமே நமக்குப் பெருமையாகத் தெரிகிறதென்றால், நாம் இசையைக் கேட்கவில்லை, ஓட்டப்பந்தயம் பார்க்கிறோம். அதிலும் பந்தயத்தின் முடிவுக்கோட்டைப் பிறர் வரைந்திருக்கிறார்கள். மேற்கில் ஒன்று புகழ் பெற்றால்தான் நம் பழைய பெட்டியைத் திறந்து பார்ப்போம் என்பது பெருமையா, அடிமைப் புத்தியா?

மூன்றாம் கருத்து: "ராகத்தைக் கெடுத்துவிட்டான்."

இது மரபுக் காவலர்களின் கூற்று. இதில் ஓரளவு உண்மை உண்டு. பொறியின் தாளம் பத்து ராகத்துக்கும் ஏறத்தாழ ஒரே முகத்தோடு அடிக்கிறது. லலித் விடியலுக்கு உரியது, மால்கௌன்ஸ் பின்னிரவுக்கு உரியது. இரண்டுக்கும் ஒரே உடுப்பு. நிதானமாக விரியும் ஆலாபனைக்கு அங்கே இடமில்லை. விசைப்பலகையில் கமகத்தின் முழு நுட்பமும் வாராது. இவ்வாறு கேட்டுச் சொல்லும் குறையை நான் இருகரம் கூப்பி வரவேற்பேன்.

ஆனால் "பொறி, ஆகவே தீட்டு" என்பது குறையாகாது. வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. இன்று அது இல்லாத கருநாடக இசைக் கச்சேரி அரிது. ஆர்மோனியத்தை ஆல் இந்தியா ரேடியோ 1940 முதல் 1971 வரை ஒதுக்கி வைத்திருந்தது. அதே ஆர்மோனியம் இன்று நம் கோயில் பசனைகளில் நடுநாயகமாக வீற்றிருக்கிறது. தீட்டு எங்கே போயிற்று?

மேலும், பட்டியலைப் பார்த்தே பொங்குகிறவர்கள் எந்த ராகம் கெட்டது என்பதையாவது அறிவார்களா? தட்டில் உள்ள 'பூபாலி' நம் பூபாளம் அன்று. அது நம் மோகனத்துக்கு இணையானது. அங்கே 'தோடி' என்பது நம் தோடி அன்று. அதன் சுரங்கள் நம் சுபபந்துவராளிக்கு உரியவை. மால்கௌன்ஸ் நம் இந்தோளம். பெயரைப் படித்துச் சினந்தவர் தவறான ராகத்துக்காகக் கண்ணீர் வடிக்கிறார். காதால் கேட்டவர் அந்தத் தவற்றைச் செய்யமாட்டார்.

சரி, இதற்கும் தமிழ்ப்பள்ளிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள்.

கருத்துவிளக்கக் கட்டுரை எழுத நாம் எப்படிப் பழக்குகிறோம்? தலைப்பைக் கொடுக்கிறோம். கரும்பலகையில் ஐந்து கருத்துகளையும் நாமே எழுதிப் போடுகிறோம். மாணவர் அவற்றுக்கு இணைப்புச் சொல் பூட்டி, பழமொழி ஒன்றை ஒட்டி, புள்ளி வாங்கிக்கொள்கிறார். "தமிழ் மூத்த மொழி" என்று அழகிய கையெழுத்தில் எழுதும் பிள்ளை ஒரு சங்கப் பாடலை வாய்விட்டுப் படித்ததுண்டா? "மின்னிசை இளையோரைக் கெடுக்கும்" என்று எழுதும் பிள்ளை எந்த இசையைக் கேட்டு எழுதியது? மூத்தது, முதலாவது, சிறந்தது, கெட்டது என்ற நான்கு முத்திரைகளைக் கையில் கொடுத்து, எதிர்ப்படும் எல்லாவற்றின் மீதும் குத்தச் சொல்கிறோம். வளர்ந்தபின் அவர்கள் கேளாமலேயே கருத்துச் சொன்னால் குற்றம் யாருடையது?

ஆசிரியர்களே, ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். மோகனத்தில் அமைந்த பாடல் ஒன்றையும், இத்தட்டின் பூபாலியையும் அடுத்தடுத்து ஒலிக்க விடுங்கள். கலைஞரின் பெயரையோ ஆண்டையோ முதலில் சொல்லாதீர்கள். என்ன கேட்டது? எது மாறாமல் இருந்தது? எங்கே மாறியது? இம்மூன்றுக்கும் விடை எழுதிய பிறகே, பிடித்ததா, ஏன் என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்று ஒரு மாணவர் காரணத்தோடு எழுதினால் முழுப் புள்ளி கொடுங்கள். காரணமின்றிப் புகழ்ந்தவருக்குக் குறையுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கணினியில் எதையோ தட்டித் தாளம் கோத்துக்கொண்டிருந்தால், "என்ன இரைச்சல் இது" என்று கதவைச் சாத்தும் முன் ஒருமுறை அருகில் அமர்ந்து கேளுங்கள். இரைச்சலாகவே இருக்கலாம். அதைக் கேட்டபின் சொல்லுங்கள்.

சரண்ஜித் சிங் 2015-இல் மறைந்தார். மறுபதிப்புக்குப் பிறகு ஐரோப்பிய மேடைகளில் வாசிக்கும் பேறு முதுமையில் அவருக்கு வாய்த்தது. முப்பது ஆண்டுக்கு முன் அவர் வேண்டியிருக்கக்கூடியது பட்டமாக இராது, கேட்கும் செவிகளாகவே இருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை என்ற வரிசையில் அதிகாரங்களை நிறுத்தியிருக்கிறார். கேள்விக்குப் பின்னரே அறிவுடைமை. நம் பிள்ளைகளுக்கு இந்த வரிசையை மனப்பாடமாகச் சொல்லத் தெரியும். அதன்படி நடக்கக் கற்பிப்பது நம் கடமை.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்