பாஸ்போர்ட் யாருடைய பெட்டியில்?

நம் பாஸ்போர்ட்டைத் திறந்தால் முன்பக்கத்தில் குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு வேண்டுகோள் இருக்கும். இதை வைத்திருப்பவரைத் தடையின்றிப் போகவிடுங்கள், வேண்டிய உதவியும் பாதுகாப்பும் கொடுங்கள் என்பது அதன் சாரம். வளைகுடாவில் இறங்கிய கையோடு அந்தப் புத்தகம் முதலாளியின் இரும்புப் பெட்டிக்குள் போய்விடுகிறது என்று திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள்! குடியரசுத் தலைவரின் வேண்டுகோளும் அதோடு சேர்ந்து பூட்டப்படுகிறது.

இந்தப் பூட்டுக்குப் பெயர் கஃபாலா. வேலை கொடுத்தவரே நாட்டில் தங்குவதற்கும் பொறுப்பாளி என்ற ஏற்பாடு. மூன்று மாதம் சம்பளம் வரவில்லை என்று வேலையை விட்டு நின்றால், கொடுக்காதவர் குற்றவாளி ஆவதில்லை. 'ஓடிப்போனவன்' என்று நம்மவர் மேல் புகார் எழுதிக் கொடுத்தால் போதும். அக்காமா போய்விடும், பின்னாலேயே போலீசும் சிறையும். சவூதியின் தொழிலாளர் சட்டம் வீட்டு வேலை செய்வோரைத் தன் வாசலுக்கு வெளியே நிறுத்தி, தனி விதிகளோடு அனுப்பிவிட்டது. வீட்டு டிரைவர் விசாவில் போனவரும் அந்தக் கணக்கில்தான். ஸ்டியரிங் பிடிக்கிறவன் தொழிலாளி இல்லையாம்!

மாற்றமே வரவில்லை என்று நாம் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தால் 25,000 ரியால் வரை அபராதம் என்று கத்தாரின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வேலை மாற முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டும் என்ற விதி 2020இல் நீங்கியது. 2021 மார்ச்சில் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால் ஆனது. இவை தானாகக் கனிந்து விழுந்த பழங்களா? 2014இல் பல நாட்டுத் தொழிலாளர் பிரதிநிதிகள் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிடம் புகார் கொடுத்தார்கள். உலகக் கோப்பைக்காக உலகமே அங்கே பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் வந்தவை. அப்படியும், சங்கம் அமைக்கும் உரிமை நம்மவருக்கு அங்கே கிடையாது. சங்கம் இல்லாத இடத்தில் சட்டத்தை எடுத்துப் பேச யார் இருக்கிறார்கள்?

டில்லி என்ன செய்தது? குடிபெயர்ந்த தொழிலாளரின் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை 1990இல் வந்தது. பிலிப்பைன்ஸ் ஏற்றது, இலங்கை ஏற்றது, வங்கதேசமும் ஏற்றது. இந்தியா ஏற்கவில்லை. அதுதான் போகட்டும், 2020இல் வளைகுடாவுக்குப் போகும் இந்தியருக்கான குறைந்தபட்ச ஊதிய அளவை நம் அரசே வெட்டிக் குறைத்தது. எதிர்ப்பும் வழக்கும் வந்த பிறகு 2021இல் திரும்பப் பெற்றது. அரபு முதலாளி கேட்குமுன்பே நம் கூலியைத் தள்ளுபடி விலையில் நீட்டிய கை யாருடையது?

2024 ஜூன் 12 அன்று குவைத் மங்காஃபில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் எரிந்தது. 40க்கு மேற்பட்ட இந்தியர் மாண்டார்கள். தமிழகத்தார் 7 பேர். உடல்களைக் கொண்டுவர விமானப்படை விமானம் பறந்தது, மந்திரிகள் வந்து நின்றார்கள். செய்ய வேண்டியதுதான். அவர்கள் உயிரோடு அந்த அறைகளில் நெருக்கியடித்துக் கிடந்தபோது தூதரகத்திலிருந்து யாராவது படியேறிப் போயிருந்தால்?

இன்னொரு பூட்டு இருக்கிறது. அது நம் ஊரிலேயே, நம் தெருவிலேயே போடப்படுவது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் பதிவு பெற்ற ஏஜெண்ட் மட்டுமே ஆள் எடுக்கலாம் என்கிறது. அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என்று அரசு வரம்பு கட்டியது. லட்சத்துக்குக் குறைத்துக் கேட்கும் ஏஜெண்டை நம்மில் யார் பார்த்திருக்கிறோம்? பணம் வாங்குகிறவரோ ஏஜெண்டும் அல்ல, அவருக்கு ஆள் பிடிக்கும் நம்மூர்க்காரர். கோவில் கொடைக்கு நன்கொடை தருவார், கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காருவார். ரசீது மட்டும் தரமாட்டார். டூரிஸ்ட் விசாவில் ஏற்றிவிட்டு, 'அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்பார். வட்டிக்கு வாங்கிய கடன்தான் வேலையை விட்டு வரமுடியாமல் நம் பிள்ளைகளைக் கட்டிப்போடுகிறது. இவரை மேடையேற்றி மாலை போட்ட பாவத்தில் நம் சங்கங்களுக்கும் பங்குண்டு. இனி அந்த மாலை இல்லை.

ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட வேண்டும், ரசீதில்லாமல் பணம் வாங்குகிறவர் மேல் வழக்குப் போட வேண்டும் என்று நம் தொகுதி எம்.பி.க்களிடம் மனுக் கொடுக்கப் போகிறோம். வீட்டிலிருந்து யாராவது வளைகுடாவில் இருந்தால், அவர்களுடைய வேலை ஒப்பந்தத்தின் நகலையும் பாஸ்போர்ட்டின் நகலையும் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். ஒப்பந்தம் அரபியில் இருந்தாலும் பரவாயில்லை. படித்துச் சொல்ல ஆள் பிடிப்பது சங்கத்தின் வேலை.