கணினி மேசையும் கழுத்து நோவும்

கழுத்து நோகின்றது என்று பிள்ளை முறையிட்டால், படிக்கப் பஞ்சிப்பட்டுச் சொல்லும் சாட்டு என்று தட்டிவிடும் பெற்றோர் நம்மிடையே பலர். மாலை முழுதும் கணினியின் முன் குனிந்திருக்கும் பிள்ளையின் சொல்லை அவ்வாறு புறந்தள்ளுதல் தகாது. மனிதர் தலையின் நிறை ஏறத்தாழ 5 கிலோகிராம். நிமிர்ந்திருக்கையில் அதனை முள்ளந்தண்டு தாங்கும். குனிந்தாலோ அப்பாரத்தைப் பிடரித் தசைகள் இழுத்துப் பிடித்தல் வேண்டும்.

இந்நோவு கணினியோடு பிறந்ததன்று. இத்தாலிய மருத்துவர் பேர்ணாடினோ ரமசினி, தொழில்களால் வரும் நோய்கள் பற்றிய தம் நூலின் 1713 ஆம் ஆண்டுப் பதிப்பில், எழுதுவினைஞரின் ஓயாத இருக்கையையும் ஒரே விதமாய் அசையும் கையையும் நோய்க்குக் காரணங்களாகக் கூறினார்.

இன்று நம் வீடுகளில் பெரிதும் வழங்குவது மடிக்கணினி. அதன் அமைப்பிலேயே ஒரு குறை உண்டு. திரையும் விசைப்பலகையும் ஒன்றாய்ப் பிணைந்திருத்தலால், கைக்கேற்ற உயரத்தில் வைத்தால் தலை தாழும்; கண்ணுக்கேற்ற உயரத்தில் வைத்தால் தோள் உயரும். பெருவிலைக் கதிரை வாங்கினும் இக்குறை தீராது. தடித்த புத்தகங்கள் நான்கைந்தை அடுக்கி (ஒருவரும் புரட்டாத அகராதிகள் இதற்கேனும் உதவட்டும்!) அவற்றின்மேற் கணினியை வைத்துத் திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொணர்க. தனி விசைப்பலகையும் சுட்டியும் வாங்கி மேசைமேல் வைத்தல் வேண்டும். செலவு அவ்வளவே. திரை ஒரு கைநீளத் தூரத்தில் இருப்பது நன்று.

சாப்பாட்டு மேசை வளர்ந்தோருக்கென்று செய்யப்பட்டது. சிறுவர் அதில் தோளைத் தூக்கியபடியே தட்டெழுதுவர். கதிரையில் தலையணை இட்டு முழங்கையை மேசைமட்டத்துக்கு உயர்த்தலாம். அப்போது தொங்கும் கால்களுக்கு ஒரு பலகை வேண்டுமென்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். யன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும்.

இத்தனையும் செய்தபின்னும் அசையாதிருத்தல் தீங்கே. அரைமணிக்கொருமுறை எழுந்து முற்றம் வரை நடந்து வரலாம். கண்ணுக்கோ, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பாலுள்ள பொருளொன்றை 20 விநாடி நோக்குதல் இதமளிக்கும்.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியன விறைத்து, அவ்விறைப்பினால் இரவில் உறக்கம் கலையுமாயின், மணிக்கட்டின் ஒடுங்கிய வழியூடு செல்லும் நரம்பு நெருக்குண்பதன் அறிகுறியாகலாம். எண்ணெய் தேய்த்து நாட்கடத்தாது மருத்துவரிடம் காட்டுக. நெடுநாள் நெருக்குண்ட நரம்பினாற் பெருவிரலின் அடித்தசை மெலிந்து, பேனா பிடிக்கும் வலுவும் குன்றக்கூடும்.