ஒரே ஒரு இடம்!

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பையன்கள் தெருவில் கிரிக்கெட் ஆடினால், 'கீப்பர்' ஒருவன்தான். இந்திய அணியிலும் அப்படியே!

பந்து வீச நாலைந்து பேர் வேண்டும். விக்கெட் காக்க ஒருவர் போதும். இரண்டாமவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

சென்னை வீரர் தினேஷ் கார்த்திக் 2004 செப்டம்பரில் இந்திய அணியில் ஆடத் தொடங்கினார். டிசம்பரில் டோனி வந்துவிட்டார்!

கார்த்திக் மட்டையை நம்பினார். 2007-ல் இங்கிலாந்தில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, 3 டெஸ்டுகளில் 263 ரன் குவித்தார். இந்திய அணியில் அதுவே அதிகம். திறமைக் குறைவு என்று யார் சொல்ல முடியும்?

ஆனாலும் 2010-க்குப் பிறகு அடுத்த டெஸ்டு ஆட 8 ஆண்டுகள் ஆயின.

2018 மார்ச். கொழும்பில் வங்காளதேசத்துடன் இறுதி ஆட்டம். கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டும். கார்த்திக் அடித்தார் சிக்சர்!

2024 ஜூனில் ஓய்வு பெற்றார். ஆடிய டெஸ்டுகள் 26. டோனி ஆடியவை 90.